வசனத்தோடு வரும் வஞ்சகம்

அன்பான நேயர்களே, வணக்கம்.

கள்ள உபதேசம் என்றதும், வேதாகமத்தை மறுத்துப் பேசுகிறவரையே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவரால் சபைக்குப் பெரிய ஆபத்தில்லை. வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். வசனத்தோடு வருகிறவரிடம்தான் விழிப்பு வேண்டும். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவைச் சோதித்த சாத்தான் பேசியதும் வசனமே. தூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்ற 91ஆம் சங்கீதத்தின் வாக்குத்தத்தத்தைக் காட்டி, தாழக் குதிக்கச் சொன்னான். அந்தச் சங்கீதம் தேவனை அடைக்கலமாகக் கொண்டவனின் பாதுகாப்பைப் பாடுகிறது. அவரைச் சோதித்துப் பார்க்க யாரையும் அது அழைக்கவில்லை. இயேசுவும், கர்த்தரைப் பரீட்சை பாராதே என்ற உபாகம வசனத்தையே பதிலாக வைத்தார்.

இன்று இப்படி அதிகம் வளைக்கப்படுவது யோவானின் மூன்றாம் நிருபத்தின் தொடக்கம். நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்க வேண்டும் என்று அப்போஸ்தலன் யோவான் காயு என்ற விசுவாசியை வாழ்த்துகிறார். கடிதத்தில் எழுதிய வாழ்த்து அது. அதைச் சட்டமாக்கி, விசுவாசிக்கு நோயும் வறுமையும் வரவே கூடாது என்கிறார்கள். அப்படியானால் அப்போஸ்தலன் பவுல் ஏன் தம்மோடு பயணித்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியாக விட்டுவந்தார்? தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி ஏன் எழுதினார்? அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. தேவன் குணமாக்குகிறார் என்று நானும் விசுவாசிக்கிறேன், நோயாளிகளுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் குணம் கிடைக்காதபோது படுக்கையில் கிடப்பவர் தலையிலேயே பழியைப் போடும் இந்தப் போதனையை என்னால் பொறுக்க முடியவில்லை. வேதனைப்படுகிறவருக்கு அது குற்ற உணர்வையும் கூட்டிவைக்கிறது.

கேள்வி கேட்பவரை அடக்கவும் ஒரு வசனம் தயாராக இருக்கிறது: “நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்.” 105ஆம் சங்கீதத்தில் இது, நாடோடிகளாய்த் திரிந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி சொல்லப்பட்டது. ஊழியரிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்பது அதன் பொருளல்ல. அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களை நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறது. கேள்வியைக் கண்டு சீறுகிற போதகர் அந்தச் சீற்றத்தாலேயே தம்மைக் காட்டிக்கொடுக்கிறார்.

ஆனாலும் கருத்து வேறுபாடெல்லாம் கள்ள உபதேசமல்ல. ஞானஸ்நானத்தின் முறை, ஆராதனையின் ஒழுங்கு போன்றவற்றில் உண்மையுள்ள சபைகளே வேறுபடுகின்றன. இயேசு யார், இரட்சிப்பு எப்படி வருகிறது என்பவை அப்படியல்ல. குமாரனாகிய இயேசுவும் படைக்கப்பட்டவரே என்று அலெக்சந்திரியாவின் ஆரியுஸ் என்ற குரு போதித்தபோது, 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து விசுவாச அறிக்கை எழுதினார்கள். ஆரியுஸ் தம் கருத்தைப் பாட்டாகவும் பரப்பினார் என்பதை ஆராதனைப் பாடல்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

தவறாகப் போதிப்பவரை என்ன செய்வது? எபேசுவில் அப்பொல்லோ என்ற பிரசங்கி இயேசுவைப் பற்றி ஊக்கமாகப் பேசினான். ஆனால் யோவான் ஸ்நானன் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தான். விசுவாசத் தம்பதியரான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூட்டத்தின் நடுவில் அவனை வெட்கப்படுத்தவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு, அதிகத் திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள். அறியாமல் தவறுகிறவருக்கு இதுவே வழி. அறிந்தே ஏமாற்றிப் பிழைப்பவர் வேறு வகை. அவரிடம் சபை வெளிப்படையாகப் பேச வேண்டும். பிரசங்க மேடையை அவருக்குக் கொடுக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிப்பட்ட குழுவில் சிக்கியிருந்தால், தினமும் வாதம் செய்யாதீர்கள். வாதம் அவரை அந்தக் குழுவோடு இன்னும் இறுக்கும். அவர் சொல்வதைக் கேளுங்கள். காட்டும் வசனத்தின் முழு அதிகாரத்தையும் அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஒருநாள் அவருக்கே சந்தேகம் எழும்போது, “அப்போதே சொன்னேனே” என்று குத்திக்காட்டாத ஒருவர் அவருக்குத் தேவைப்படுவார். ஆனால் மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, சொத்தை எழுதிக் கேட்டாலோ, பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைக்காமல், அன்றே மருத்துவரிடமோ காவல்துறையிடமோ செல்லுங்கள்.