ஓர்க்குகள் யார் பெற்ற பிள்ளைகள்?

கல்முனையிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். "சேர், டோல்கீன் கதைகளில் வரும் ஓர்க்குகள் எல்ஃபுகளைப் பிடித்துக் கெடுத்து உண்டாக்கப்பட்டவை என்று நான் சொல்கிறேன். இல்லை, மனிதரைக் கெடுத்து உண்டாக்கியவை என்று அண்ணா சொல்கிறார். சாப்பாட்டு நேரத்திலும் இதே சண்டை. அம்மாவுக்கு வெறுத்துவிட்டது. யார் சொல்வது சரி என்று தீர்த்து வையுங்கள்."

இந்தக் கேள்வி வந்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை, மகள். அவ்வளவு அருமையான கேள்வி. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: டோல்கீன் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய ஆங்கில எழுத்தாளர். அவர் கதைகளில் எல்ஃபுகள் சாவில்லாத அழகிய இனத்தார், ஓர்க்குகள் தீயவர்களின் படையில் நிற்கும் கொடிய இனத்தார். அதே கதைகளில் வரும் பால்ரோக் என்ற நெருப்புப் பூதத்துக்குச் சிறகு உண்டா என்று பேசிய காணொளியைப் பார்த்தவர்களுக்கு நான் எங்கே தொடங்குவேன் என்று தெரிந்திருக்கும். கதைக்குள் ஒரு செய்தி வந்தால், அதைச் சொல்வது யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று முதலில் கேளுங்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத விடயம் இது.

முதலில் உங்கள் பக்கத்தைப் பார்ப்போம். டோல்கீன் 1973இல் இறந்தார். அவர் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளை அவருடைய மகன் கிறிஸ்டோபர் ஒழுங்குபடுத்தி, 1977இல் 'சில்மரில்லியன்' என்று வெளியிட்டார். நீங்கள் சொல்வது அதில் இருக்கிறது. அந்த உலகின் தீமைக்கெல்லாம் மூலமான மெல்கோர், தன் கையில் அகப்பட்ட எல்ஃபுகளைச் சிறையில் அடைத்து, மெல்ல மெல்ல வதைத்து, அவர்களிலிருந்து ஓர்க்குகளை வளர்த்தெடுத்தான் என்று அந்த நூல் சொல்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து இன்னொரு முறை வாசியுங்கள். அகப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது உறுதியாகத் தெரியாது என்றுதான் அந்தப் பகுதி தொடங்குகிறது. அதற்குப் பிறகே, எல்ஃபுகள் வாழும் எரெஸ்ஸெயா தீவின் அறிஞர்கள் இதை உண்மையென்று கொள்கிறார்கள் என்று வருகிறது. கொள்கிறார்கள்! அந்தச் சிறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாட்சி சொன்னவர் எவரும் இல்லை.

இனி அண்ணாவின் பக்கம். வெளிவந்த நூலின் கால வரிசைப்படி அவர் கட்சி நிற்காது. மனிதர்கள் கண்விழித்தது சூரியன் முதன்முதலாக உதித்தபோது. ஓர்க்குகளோ அதற்கு வெகுகாலம் முன்பே எல்ஃபுகளோடு போர் செய்துகொண்டிருந்தன. பிறக்காத மனிதரை எப்படிக் கெடுப்பது? ஆனாலும் அண்ணா வெறுங்கையோடு வரவில்லை. கிறிஸ்டோபர் பின்னர் தந்தையின் வரைவுகளைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1993இல் வந்த பத்தாம் தொகுதியில் டோல்கீனின் பிற்காலக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஓர்க்குகள் மனிதரிலிருந்து வந்தவை என்ற எண்ணத்தின் பக்கம் அவர் சாய்கிறார். அதற்காக மனிதர் கண்விழித்த காலத்தையே இன்னும் பழைய காலத்துக்குத் தள்ளிவிடவும், சூரியன் ஆதியிலிருந்தே இருந்தது என்று மாற்றவும் பார்க்கிறார். ஓர்க்குகளுக்காகச் சூரியனையே இடம் மாற்றத் துணிந்திருக்கிறார் மனிதர்! பேச்சறிவுள்ள விலங்குகளா, உருவெடுத்த சிறு ஆவிகளும் சில கலந்திருந்தனவா என்றெல்லாம் அதே தாள்களில் எழுதியிருக்கிறார். முதல் வரைவுகளில், மெல்கோர் மண்ணின் சூட்டிலும் சேற்றிலும் இருந்து அவற்றைச் செய்தான் என்றே இருந்தது.

ஆகவே அச்சான நூலை வைத்தால் தங்கை சரி, ஆசிரியரின் கடைசிக் காலச் சிந்தனையை வைத்தால் அண்ணா சரி. இத்தோடு கேள்விக்குப் பதில் முடிந்தது. நான் முடிக்கப் போவதில்லை.

ஏன் இத்தனை மாற்றம்? ஒரு கடிதம் இருக்கிறது. ஒக்ஸ்போர்டில் கத்தோலிக்கப் புத்தகக்கடை ஒன்றின் முகாமையாளர், 1954இல், உங்களைப் போலவே ஒரு சந்தேகம் கேட்டு டோல்கீனுக்கு எழுதினார். தீமையால் எதையும் படைக்க முடியாதே, அப்படியிருக்க இருளின் தலைவன் ஓர்க்குகளையும் ட்ரோல்களையும் உண்டாக்கினான் என்று உங்கள் மரமனிதர் ட்ரீபியர்ட் சொல்கிறாரே, அது எப்படி என்று கேட்டார். டோல்கீன் நீண்ட பதில் ஒன்று எழுதினார். ட்ரீபியர்ட் என் கதையில் ஒரு பாத்திரம், அவர் நான் அல்ல, அவருக்குத் தெரியாதவை நிறைய இருக்கின்றன என்றார். பார்த்தீர்களா? சொல்வது யார் என்று பாருங்கள் என்று நான் தொண்டை வற்றக் கத்துவதை அவரே எழுதிவைத்திருக்கிறார்! அந்தப் பதிலை அவர் கடைசியில் அனுப்பவில்லை. தன்னைப் பெரிதாக எண்ணிக்கொள்வதுபோல் ஆகிவிடும் என்று நிறுத்திவிட்டார்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதைக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். நம்முடைய கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது, கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரைப் பாடலைப் படிப்பார்கள் அல்லவா? சிறுவயதில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இரவு, என் பெரியப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் வாக்குவாதம் மூண்டது. கண்ணகி புகாரில் மாநாய்கன் என்ற வணிகனின் மகளாகப் பிறந்தாள், இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார் என்றார் பெரியப்பா. அவர் தமிழாசிரியர். அம்மன் பாண்டியனை அழிக்க மாங்கனியாய் வந்தவள், இதோ இப்போதுதானே படித்தார்கள் என்றார் அம்மம்மா. இருவரும் விடவில்லை. பூசை செய்யும் கட்டாடியார் வந்து, சடங்கு நடக்கும் இடத்தில் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லித்தான் அடங்கினார்கள். வழக்குரையில் உள்ளதை அம்மம்மா சரியாகச் சொன்னார், சிலப்பதிகாரத்தில் உள்ளதைப் பெரியப்பா சரியாகச் சொன்னார். வணிகன் மகளாக வந்தால் அவள் நீதி கேட்கும் மானிடப் பெண். கனியாக வந்தால் பாண்டியனின் முடிவு அவள் பிறக்கும்போதே எழுதப்பட்டுவிட்டது. பிறப்பை மாற்றினால் கதையின் நியாயமே மாறிவிடுகிறது.

ஓர்க்குகளிலும் டோல்கீனுக்கு அதே சிக்கல்தான். எல்ஃபிலிருந்து வந்தவை என்றால், கெடுத்தாலும் அவற்றுக்கும் ஓர் ஆன்மா இருக்க வேண்டும். அப்படியானால் அவற்றைக் கூட்டம் கூட்டமாக வெட்டிச் சாய்ப்பது எப்படி வீரமாகும்? உயிரற்ற பொம்மைகள் என்றால் அவை தாமாகப் பேசக் கூடாது. டோல்கீன் உலகின் தேவர்களில் ஒருவனான அவுலே குள்ளர்களைச் செய்த கதையை முன்பு சொல்லியிருக்கிறேன். அவன் நினைத்தால் மட்டும் அசையும் பாவைகளாய் அவர்கள் இருந்தார்கள், எல்லாவற்றையும் படைத்த கடவுளான இலூவதார் இரங்கித்தான் சொந்த உயிர் கொடுத்தார். மெல்கோருக்கு அப்படி இரங்கிக் கொடுக்க எவரும் இல்லை.

ஆனால் ஓர்க்குகள் பேசுகின்றன, பிள்ளைகளே. 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் கோர்பாக், ஷாக்ராத் என்ற இரண்டு ஓர்க்குகள் பேசிக்கொண்டு போகின்றன. பெரியவர்களின் ஆக்கினை இல்லாத ஓர் இடத்துக்கு, நம்பிக்கையான சில பேரோடு நழுவிப் போய்க் கொள்ளையடித்துப் பிழைக்கலாம் என்கிறது கோர்பாக். மயங்கிக் கிடக்கும் கதைநாயகன் ஃப்ரோடோவைப் பார்த்து, கூட வந்தவன் இவனை இப்படிப் போட்டுவிட்டுப் போய்விட்டானே, எல்ஃபுகளின் வழக்கமான வேலை இது என்று இழிவாகவும் சொல்கிறது. தோழனைக் கைவிடுவது கேவலம் என்று அதற்குத் தெரிகிறது! தெரிந்தும், சிலந்தி வலையில் உயிரோடு தொங்கிய தங்கள் ஆளை அப்படியே விட்டுவந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்கின்றன. நன்மை தீமை தெரியாத பிராணி இப்படிப் பேசாது. தெரிந்தே தவறும் மனிதரின் பேச்சு இது. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அந்த அனுப்பாத கடிதத்திலும் இதுபற்றி ஒரு வார்த்தை இருக்கிறது. ஓர்க்குகள் இயல்பிலேயே கெட்டவை என்று எழுதிய டோல்கீன், மீட்கவே முடியாதவை என்று எழுதப்போய், அது எல்லை மீறிய பேச்சு என்று தன்னைத் தடுத்துக்கொள்கிறார். எனக்கு இந்த மனிதரிடம் பிடித்ததே இதுதான். போர்க்களத்தில் ஆயிரக்கணக்கில் அவற்றைக் கொன்றுகுவித்துவிட்டு, மேசையில் தனியே இருக்கும்போது அவற்றுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்.

ஆகவே கல்முனை மகள், எங்கிருந்து வந்தவை என்ற சண்டையை நீங்களும் அண்ணாவும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது வேறொரு கேள்வி. எல்ஃபுகளையும் மனிதரையும் போலவே ஓர்க்குகளும் பெருகின என்று சில்மரில்லியன் சொல்கிறது. அப்படியென்றால் ஓர்க்குத் தாய்மார் இருந்திருக்கிறார்கள், குழந்தைகள் இருந்திருக்கின்றன. 'ஹொபிட்' கதையில், கதைநாயகன் பில்போ வருவதற்குச் சில மணி நேரம் முன்னர், குகையில் வாழும் கொல்லம் என்பவன் ஆளை மறைக்கும் தன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ஒரு சின்னக் கொப்லின் குட்டியைப் பிடித்தான், அது கீச்சிட்டது என்று ஒரே வரியில் வருகிறது. கொப்லினும் ஓர்க்கும் ஒன்றுதான். அந்தக் குட்டி யாருக்கு என்ன தீங்கு செய்தது? அண்ணாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதையும் உங்கள் பதிலையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த காணொளியில் அதிலிருந்தே தொடங்குகிறேன்.