ரியூன் பண்ணின எஞ்சினோ, மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சினோ?

[காட்சி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு வீட்டு முற்றம். மொரிஸ் மைனர் 1000, பொனற் திறந்தபடி. பின்னால் ஒரு மாமரம்.]

இந்தக் காரை நான் வேண்டேக்க, வித்தவர் சொன்னது: "தம்பி, இது சும்மா எஞ்சின் இல்லை. எம்ஜி ஹெட் போட்டு ரியூன் பண்ணினது." எம்ஜி எண்டது வேகக் கார்க் கொம்பனி, ஹெட் எண்டது சிலிண்டருகளுக்கு மேல பூட்டிற மூடி. நானும் பெருமையா ரெண்டு கிழமை ஓடினன். நாவற்குழிப் பாலத்தில ஏறேக்கயே மூச்சு வாங்குது. பின்னால வந்த ஓட்டோ ஹோன் அடிச்சுப்போட்டு முந்திப் போச்சுது. ரியூன் பண்ணின எஞ்சினுக்கு இது அழகோ?

சரி, காசு செலவழிக்க முதல் உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு பாப்பம்.

[காட்சி: எஞ்சினின் வலப்பக்கம். டைனமோவுக்கு மேலே சின்னத் தகடு.]

முதல்ல இந்தத் தகடு. மொரிஸ் மைனருக்கு 1956 இல 948 சிசி எஞ்சின் வந்தது, 1962 இல 1098 சிசி. ரெண்டும் ஒரே ஏ சீரிஸ் குடும்பம்தான், வெளியால பாத்தால் அண்ணன் தம்பி மாதிரி. இலக்கம் 9எம் எண்டு தொடங்கினால் 948, 10எம்ஏ எண்டால் 1098. அதோட சேர்ந்து வாற எழுத்தில எச் இருந்தால் கூடின கொம்பிரஷன் (பிஸ்ரன் உள்ளுக்க இருக்கிற கலவையை எத்தனை மடங்கு அமத்துது எண்ட கணக்கு), எல் இருந்தால் குறைஞ்சது. 1098 க்கு எச் எண்டால் 8.5, எல் எண்டால் 7.5. நல்ல பெற்றோல் கிடைக்காத நாடுகளை நினைச்சுத்தான் அந்த எல்.

என்ர தகட்டில 10எம்ஏ, எச். சந்தோசம். ஆனால் தகடு ரெண்டு றிவிற்றில நிக்கிற சாமான். அறுபது வருசத்தில ஆர் கழட்டி ஆர் பூட்டினதோ, அதை நம்பி வீடு கட்டேலாது.

[காட்சி: ரொக்கர் கவரைத் தூக்குதல். ஹெட்டின் மேல் அழுக்கைத் துணியால் துடைக்க, வார்ப்பு இலக்கம் தெரிகிறது.]

தகடு மாறும், வார்ப்பு மாறாது. ரொக்கர் கவரில ரெண்டே ரெண்டு நட். கழட்டி, ஸ்பிரிங்குகளுக்கு நடுவில கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சால் ஹெட்டில உருண்டையா ஒரு இலக்கம் தெரியும். 2ஏ 629 எண்டால் 948 ஹெட். 12ஜி 202 எண்டால் 1098 இன்ர சாதாரண ஹெட். 12ஜி 295 எண்டால் எம்ஜி 1100 இலயும் 998 சிசி மினி கூப்பரிலயும் வந்தது, இன்லெற் வால்வு (கலவை உள்ளுக்க வாற வால்வு) கிட்டத்தட்ட 31 மில்லிமீற்றர். 12ஜி 940 எண்டால் 1275 சிசி எஞ்சினுக்குரியது, இன்லெற் 33 தாண்டும்.

அந்த 940 ஐக் கண்டவுடன துள்ளிக் குதிக்காதேங்கோ. சிலிண்டர் விட்டம் சின்னனான எஞ்சினில அதைச் சும்மா தூக்கி வைச்சால் எக்ஸோஸ்ற் வால்வு (புகை வெளிய போற வால்வு) இறங்கி வந்து புளொக்கில முட்டும். புளொக்கில குழி வெட்டாமல் பூட்டினால் முதல் ஸ்ரார்ட்டிலயே வால்வு வளைஞ்சிடும்.

இப்ப என்ர ஹெட்டைப் பாருங்கோ. 12ஜி 295. வித்தவர் பொய் சொல்லேல்லை! உண்மையான எம்ஜி ஹெட். பேந்து ஏன் இந்தக் கார் ஓடுதில்லை?

[காட்சி: நாலு பிளக்கும் கழட்டப்பட்டிருக்கு. கொம்பிரஷன் கேஜ்.]

நாலு பிளக்கையும் கழட்டி, அக்சிலறேற்றரை முழுக்க மிதிச்சுக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டராய் அளந்தன். நாலும் குறைவு. ஆனால் நாலும் ஒரே அளவு. அதிலதான் விசயம் இருக்கு. பிஸ்ரன் றிங் தேய்ஞ்ச எஞ்சின் எண்டால் ஒண்டு கூடும், ஒண்டு குறையும். ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திருப்பி அளந்தால் சட்டெண்டு ஏறும். எனக்கு ஏறினதே இல்லை எண்டு சொல்லலாம். அப்ப காத்து எங்கயும் கசியேல்லை, பிஸ்ரனுக்கு மேல இருக்கிற இடம்தான் கூடிப்போச்சுது.

ஹெட்டைக் கழட்டினன்.

[காட்சி: ஒன்றோடொன்று ஒட்டிய ரெண்டு கஸ்கட்டுகள், கையில் பிடித்தபடி.]

ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில ஒரு கஸ்கட் (கசியாமல் அடைக்கிற மெல்லிய தகடு) தான் இருக்கவேணும். இங்க ரெண்டு கஸ்கட், ஒண்டுக்கு மேல ஒண்டு. (பழைய கஸ்கட்டில அஸ்பெஸ்ரஸ் இருக்கும். உலர சுரண்டாதேங்கோ, காத்தடிச்சு ஊதாதேங்கோ. நனைச்சு எடுங்கோ.)

இதை இங்கத்தைய பழைய மெக்கானிக் ஐயா ஒருத்தரிட்டக் காட்டினன். பாத்தவுடன சிரிச்சார். "தம்பி, இது மண்ணெண்ணெய்க் கார்."

எங்கட வயசுக்காரருக்கு வடிவாத் தெரியும். 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்தில பெற்றோல் கண்ணில காட்டாத சாமான். கார் ஓடினது மண்ணெண்ணெயில. போத்தலில கொஞ்சம் பெற்றோல் வைச்சு, அதைச் சொட்டு விட்டு ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் (நொக் பண்ணாமல் அமுக்கத்தைத் தாங்கிற அளவு) நல்லாக் குறைவு. 8.5 கொம்பிரஷனில அது நேரத்துக்கு முந்தி வெடிச்சு, பிஸ்ரனில சுத்தியலால அடிக்கிற மாதிரி நொக் பண்ணும். அதால இடத்தைக் கூட்டினவை.

இப்ப கணக்கைப் பாருங்கோ. 1098 ஐ நாலால பிரிச்சால் ஒரு சிலிண்டருக்கு 274.5 சிசி. 8.5 கொம்பிரஷன் எண்டால் பிஸ்ரன் மேல வந்தாப் பிறகு மிஞ்சிற இடம் 36.6 சிசி. 202 ஹெட்டில கலவை எரியிற குழி கிட்டத்தட்ட 26 சிசி, 295 இன்ர குழி 28 சிசி. ஹெட்டாலயே ரெண்டு சிசி கூடிட்டுது. ரெண்டாவது கஸ்கட்டால இன்னும் ரெண்டரை, மூண்டு சிசி. கூட்டிப் பாத்தால் கொம்பிரஷன் சுமார் 7.6. தகட்டில எச், உள்ளுக்க எல்!

அதாவது அந்த எம்ஜி ஹெட் வேகத்துக்குப் போட்டது இல்லை. குழி பெரிசு, வெடிப்பில்லை, கையில கிடைச்சது, மண்ணெண்ணெய்க்குத் தோதா இருந்தது. ஐயா சொல்லேக்க எனக்கு அந்த மனுசரில மரியாதைதான் வந்தது, ஆர் எண்டு தெரியாட்டியும்.

[காட்சி: ஹெட் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கு. குழியின் மேல் கண்ணாடித் துண்டு, துளை வழியா சிரிஞ்சால் ஒயில் விடுகிறார்.]

திருத்தம் என்ன செய்தன்? ஒரு கஸ்கட், அவ்வளவுதான். அதோடயே 8 க்குக் கொஞ்சம் மேல வந்திட்டுது. 8.5 க்குக் கொண்டுவர ஹெட்டை லேத் கடையில கொஞ்சம் சீவ வேணும். எவ்வளவு எண்டதை இப்பிடிச் சிரிஞ்சால அளந்துபோட்டுக் குடுங்கோ, கண்மட்டத்தில சீவ விடாதேங்கோ. சீவினதை ஒட்டேலாது. 9 க்கு மேல போறது என்னைக் கேட்டால் விசர் வேலை. எங்கட வெயிலில, 92 பெற்றோலில நொக் பண்ணும். 8.5 க்கே நான் 95 தான் அடிக்கிறன்.

ஹெட் கழண்டிருக்கேக்க வால்வு சீற்றையும் (வால்வு வந்து மூடி இருக்கிற வளையம்) பாருங்கோ. இலங்கையில ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஓட போயிட்டுது. பழைய சீற்றுக்கு அந்த ஈயம்தான் மெத்தை. எக்ஸோஸ்ற் ரப்பெற் இடைவெளியை (வால்வுக்கும் அதை அமத்திற ரொக்கருக்கும் நடுவில உள்ளது) 0.30 மில்லிமீற்றரில வைச்சும் அது அடிக்கடி குறைஞ்சு வந்தால், வால்வு சீற்றுக்குள்ள புதையுது எண்டு அர்த்தம். கடினமான சீற் அடிக்கவேணும்.

[காட்சி: எஸ்யு காபரேற்றர். மேல் மூடி கழட்டி, பிஸ்ரனும் ஊசியும் கையில்.]

அடுத்தது காபரேற்றர், பெற்றோலையும் காத்தையும் கலக்கிற சாமான். 1098 க்கு எஸ்யுவின்ர எச்எஸ்2 மொடல், ஒண்டே கால் அங்குலம். மிதவைக் கிண்ணத்தில இருந்து ஜெற்றின்ர அடிக்கு வெளியால ஒரு பிளாஸ்ரிக் குழாய் போனால் எச்எஸ். ஊசியின்ர தண்டில எழுத்து இருக்கும், 1098 க்கு ஏஎன். என்ர ஊசி ஒருபக்கம் தேய்ஞ்சு மினுங்குது, ஜெற் முட்டை வடிவம். அப்பிடி இருந்தால் எந்த ஸ்குரூவைத் திருப்பினாலும் ரியூன் வராது. ரெண்டையும் சோடியா மாத்துங்கோ. கொழும்பு பஞ்சிகாவத்தையில தேடினால் கிடைக்கும், ஊசியை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்து எடுங்கோ.

புதுசு பூட்டினாப் பிறகு, எஞ்சின் சூட்டில, காபரேற்றர் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாத் தூக்கிப் பாருங்கோ. ஓட்டம் ஏறி அப்பிடியே நிண்டால் பெற்றோல் கூட, ஜெற் நட்டை மேல ஏத்துங்கோ. விக்கி நிண்டால் குறைவு, கீழ இறக்குங்கோ. கொஞ்சம் ஏறி உடன பழைய நிலைக்கு வந்தால் கைவைக்காதேங்கோ. மேல் மூடிக்குள்ள ஒயில் விட மறக்கிற ஆக்கள் கனபேர். காலை மிதிச்சவுடன கார் விக்கிறதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

இக்னிஷனும் மண்ணெண்ணெய்க்காகப் பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது. பொயின்ற் இடைவெளி 0.38 மில்லிமீற்றர், பிளக் பொறி விடுற நேரம் பிஸ்ரன் மேல்மட்டத்துக்கு வர 3 பாகை முன்னுக்கு. முடிஞ்சுது.

[காட்சி: றேடியேற்றரிலிருந்து வெள்ளையா வடியும் தண்ணி.]

இதைப் பாருங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது. கேத்திலுக்குள்ள படியிற அதே வெள்ளைதான் எஞ்சின்ர தண்ணிப் பாதையிலயும் படியுது. கொம்பிரஷனைக் கூட்டினால் சூடும் கூடும், இந்த அடைப்போட அது தாங்காது. கழுவிப்போட்டு மழைத்தண்ணி, இல்லாட்டி பற்றறித் தண்ணி விடுங்கோ.

இப்ப ஓடிப் பாத்தன். பாலத்தில மூண்டாம் கியருக்கு இறங்கவே தேவைப்படேல்லை. ஆனையிறவு நேர் றோட்டில இழுக்கிற இழுவையில ஒரு பயம் வந்தது.

ஏனெண்டால் 1098 மைனருக்கு முன் பிறேக் டிரம் 8 அங்குலம், 948 க்கு 7. என்ர காரின்ர உடம்பு 1962 க்கு முந்தினது, எஞ்சின்தான் பேந்து வந்தது. எஞ்சின் மாத்தினவர் பிறேக்கையும் மாத்தினவரோ எண்டு எனக்குத் தெரியாது. மண்ணெண்ணெயில முப்பதில போன காலத்தில அது ஒரு பிரச்சினையும் இல்லை.

[காட்சி: முன் சில்லின் கீழ் ஜாக்கி. கையில் அடிமட்டம்.]

சில்லைக் கழட்டியாச்சு. வாங்கோ, அளந்து பாப்பம்.