இது போதை இல்லை

நேயர்களுக்கு வணக்கம். ராயபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை அவருடைய மனைவி ஸ்கேன் எடுக்க அழைத்து வந்திருந்தார். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. தினமும் சவாரி போகும் பாரிமுனையில் வழி தெரியாமல் நின்றிருக்கிறார். “ஆறு மாதமாக ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை டாக்டர், தெருவில்தான் யாரும் நம்பவில்லை” என்றார் அந்த அம்மா. நான் நம்பினேன். கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே வளைத்துப் பிடிக்கச் சொன்னபோது, அவர் கைகள் சிறகடிப்பதுபோல் துடித்தன. ஈரல் பழுதாகி மூளை குழம்பும்போது வரும் அறிகுறி அது.

அவருக்குக் கல்லீரல் சுருக்க நோய். குடலில் உண்டாகும் அம்மோனியா என்ற நச்சுப்பொருளை ஈரல்தான் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் போக வழி செய்கிறது. அந்த வேலை நின்றால் அம்மோனியா ரத்தத்தோடு மூளைக்குப் போய்விடும். அங்கே நட்சத்திர வடிவச் செல்கள் அதைப் பிடித்துக் குளுட்டமின் என்ற வேறு பொருளாக மாற்றுகின்றன. மூளையைக் காக்கப்போய் அந்தச் செல்களே நீர் கோத்து வீங்கிப்போகின்றன.

முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ஈரல் நோயாளிக்கு ரத்தம் எளிதில் உறையாது; எங்காவது விழுந்து தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தாலும் இதே குழப்பம் வரும். கசிவு இல்லை. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், மூளையின் ஆழத்தில் இருபுறமும் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. அது மாங்கனீசு என்ற உலோகம். பித்தநீரோடு வெளியேற வேண்டியது, வழியில்லாமல் அங்கே படிந்துவிடுகிறது. மாற்று ஈரல் பொருத்தியவர்களிடம் இந்த வெண்மை சில மாதங்களில் மெல்ல மங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். ஆனால் வெண்மையின் அளவை வைத்துக் குழப்பத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது. மூளையிலுள்ள வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபி என்ற எம்.ஆர்.ஐ. முறை இன்னும் நெருங்கிச் செல்கிறது. அதில் குளுட்டமின் கூடியிருப்பதையும், வீக்கத்தைச் சமாளிக்கச் செல்கள் தமக்குள் இருக்கும் மயோ-இனோசிட்டால் என்ற பொருளை வெளியேற்றியிருப்பதையும் காணலாம்.

இவருக்கு வினையைத் தூண்டியது நான்கு நாள் மலச்சிக்கல். வேறு சிலருக்குக் கிருமித்தொற்று, குடலில் ரத்தக்கசிவு, வீட்டில் யாரோ கொடுத்த தூக்க மாத்திரை. லாக்டுலோஸ் மருந்தைக் குடித்து வயிறு கழிந்ததும், மூன்றாம் நாள் தேதியையும் கிழமையையும் சரியாகச் சொன்னார். பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடலாமா என்று அந்த அம்மா கேட்டார். நிறுத்தக் கூடாது. அது பழைய அறிவுரை. புரதம் குறைந்தால் தசை கரையும், அம்மோனியாவைக் கொஞ்சமாவது வாங்கிக்கொள்ளும் இடமும் போய்விடும்.

அவர் கேட்டது ஒன்றுதான்: “நாளைக்கு வண்டி எடுக்கலாமா?” பேச்சு தெளிந்த பிறகும் கவனமும் வேகமும் குறைந்தே இருக்கலாம்; பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. அதைக் கண்டறிய, சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோடிட்டு இணைக்கச் சொல்லும் எளிய சோதனை இருக்கிறது. அதை முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. சாவியை மனைவியிடம் கொடுத்துவைக்கச் சொன்னேன். முகம் வாடியது, ஆனாலும் கொடுத்தார்.

நன்றி, வணக்கம்.