புயலுக்குத் தீனி: கடற்சூட்டின் ஆழம்

நேயர்களுக்கு வணக்கம்.

புயல் வருகிறது என்றாலே, "கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது, ஆகவே புயல் வலுக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் சரி. அந்தச் சூடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கேட்டால்தான் மீதி விளங்கும்.

இப்படிக் கடல் வழக்கத்தைவிட மிகவும் சூடாகிச் சில நாள் நீடிப்பதைக் கடல் வெப்ப அலை என்பார்கள். அது எழுந்து விழும் அலை அல்ல. ஆண்டின் அதே நாட்களுக்கு ஓரிடத்தில் 30 ஆண்டுகளாகப் பதிவான வெப்பநிலைகளை வரிசைப்படுத்துங்கள். அவற்றில் நூற்றுக்கு 90 பதிவுகளைத் தாண்டிய சூடு குறைந்தபட்சம் 5 நாள் நீடித்தால், அதுவே கடல் வெப்ப அலை. இந்தக் கணக்குப்படி குளிர்ந்த கடலிலும் வெப்ப அலை வரும். புயலுக்கு அதனால் பயனில்லை. புயல் பிறக்கப் பொதுவாக 26.5 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதுவும் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை.

ஆழம் எதற்கு? புயல் தன் காலடியைத் தானே குளிரவைத்துக்கொள்ளும். காற்று கடலைக் கலக்க, அடியிலுள்ள குளிர்நீர் மேலே வரும். புயல் போன வழியில் 1 முதல் 6 டிகிரி வரை குளிர்ந்த ஒரு தடம் கிடக்கும். வட அரைக்கோளத்தில் அது புயல் செல்லும் திசைக்கு வலப்புறம் சாய்ந்திருக்கும். மையத்துக்கு நேர் கீழே சுமார் 2.5 டிகிரி குளிர்ந்தாலே புயலுக்குத் தீனி நின்றுபோகும். மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவாக ஊர்ந்து செல்லும் புயல் தான் கிளறிவிட்ட குளிரிலேயே மாட்டிக்கொள்ளும். வேகமாகப் போவது தப்பித்துவிடும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். புயலுக்குக் கிடைக்கும் வெப்பத்தை அளக்க, 26 டிகிரிக்கு மேலுள்ள சூட்டை ஆழத்தோடு பெருக்குவார்கள். சராசரி 31 டிகிரியில் வெறும் 10 மீட்டர் தடிமனுள்ள நீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 கிலோஜூல் தரும். 28 டிகிரிதான், ஆனால் 60 மீட்டர் ஆழம் என்றால் 49 கிலோஜூல். புயல் வேகமாக வலுப்பெற 50 அளவில் இருப்பது சாதகம். செயற்கைக்கோள் படத்தில் முதலாவதுதான் அடர்சிவப்பாகத் தெரியும்! ஆனால் அமைதியான வெயில் நாட்களில் உருவான அந்த மெல்லிய சூட்டை, மையம் வந்துசேரும் முன்பே புயலின் வெளிக்காற்று கலக்கித் தீர்த்துவிடக்கூடும்.

அடியில் குளிர்நீரே இல்லாவிட்டால்? 2018 செப்டம்பர் முதல் வாரத்தில் மெக்சிகோ வளைகுடாவில் கார்டன் என்ற புயல் கரையோரக் கடலைக் கலக்கி, மேல்சூட்டைக் கீழே தள்ளியது. தொடர்ந்து வந்த வெயில் மேல்நீரை மறுபடியும் சூடாக்கியது. மேலிருந்து அடிவரை ஒரே சூடு. அக்டோபர் 10 அன்று மைக்கேல் சூறாவளி வந்தபோது, கலக்கினாலும் குளிர்நீர் கிடைக்கவில்லை. ஆழமற்ற அந்தக் கடலின் மேலும் வலுத்துக்கொண்டே போய், ஆகக் கடுமையான ஐந்தாம் வகைப் புயலாக ஃபுளோரிடாவில் கரையைக் கடந்தது. ஆக, வெப்ப அலையை முறிக்கும் அதே புயல், அடுத்த புயலுக்கு விருந்தும் வைத்துவிட்டுப் போகலாம்.

வங்கக் கடலில் குளிரைத் தடுப்பது உப்பின் அளவு. மழைக்காலத்துக்குப் பின் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆறுகளின் நன்னீர் மேலே படலமாக மிதக்கும். எடை குறைந்த அந்த நீரைக் கீழுள்ள உப்புநீரோடு கலக்கப் புயல் படாதபாடு படவேண்டும். ஆனால் ஆம்பன் புயல் வந்தது மே மாதத்தில், அதாவது மழைக்காலத்துக்கு முன்பு. 2020இல் அந்தப் புயல் உருவானபோது அங்கே கடல் வெப்ப அலை நிலவியது. மே 16 மாலை சாதாரணப் புயலாக இருந்தது, 18ஆம் தேதி மணிக்கு 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு சூப்பர் புயலாகிவிட்டது. 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் கூடினாலே 'அதிவிரைவு வலுப்பெறல்' என்று எச்சரிப்பார்கள். கரைக்கு அருகில் இது நடந்தால், மக்களை வெளியேற்ற நேரமே இருக்காது.

கடல் மட்டும் புயலைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் பெரிதும் மாறினால், கீழே சூடிருந்தாலும் புயல் சிதறிப்போகக்கூடும்.

புவி வெப்பமாதலில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள் போகிறது. 1980களுக்குப் பிறகு கடல் வெப்ப அலைகள் ஏறத்தாழ இருமடங்காகிவிட்டன. புயல்களின் எண்ணிக்கை அப்படிக் கூடவில்லை. வலுவான புயல்களின் பங்குதான் கூடியிருக்கிறது. ஒரு டிகிரி சூடேறினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பதால் மழையும் கனக்கிறது.

ஆழத் தரவு இல்லாத இடத்தில் முன்கணிப்பு பிசகக்கூடும். செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவிக்கு மேகம் மறைக்கும். நுண்ணலைக் கருவி மேகத்தைத் தாண்டிப் பார்த்தாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். 2000 மீட்டர் வரை மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகள் பொதுவாக 10 நாளுக்கு ஒருமுறைதான் மேலே வரும். ஆழமற்ற கரையோரத்தில் அவை அநேகமாக இருக்காது. மைக்கேல் கடைசியாக வலுத்தது அப்படிப்பட்ட கடலில்தான். அங்கே நிலையான மிதவைகளின் அடியில் தொங்கும் வெப்பமானிகளும், தானே நீந்தும் கிளைடர்களும், விமானத்திலிருந்து வீசும் அளவிகளும்தான் அடிநீரின் சூட்டைச் சொல்லும்.