இது நாயா, கரடியா?

நீலகிரி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குன்னூர், கோத்தகிரி, கட்டபெட்டு என்று என் வேலைக்காலம் பெரும்பாலும் இந்த மலையிலேயே ஓடியது. வானொலி நிலையத்தில் மாட்டைப் பற்றியோ கோழியைப் பற்றியோ பேசச் சொல்வார்கள் என்று நினைத்தேன். "உங்களுக்குப் பிடித்ததைப் பேசுங்கள்" என்றார்கள். எனக்கு ரொம்ப நாளாகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு நாயைப் பார்த்ததும் மனிதர்கள் சொல்கிற வேடிக்கைப் பேச்சு. வழியில் போகிறவர் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது, சொந்த வீட்டில் அத்தையும் மாமாவும் சொல்வது. அந்தப் பேச்சில் சிரிப்பு இருக்கிறது. சிரிப்புக்குள் பல நேரம் இந்த மலையில் வாழத் தேவையான அறிவும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் பேச்சைக் கேட்க நல்ல இடம், கால்நடை மருந்தக வாசல். அங்கே ஆடு, கோழிக்கூடை, நாய் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஒருநாள் நகரத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் தன் லேப்ரடாரோடு நின்றார். பக்கத்தில் கன்றுக்குட்டியோடு ஒரு பால்காரர். "ஏனுங்க, இது தினம் எவ்வளவு தின்னும்?" என்று கேட்டார். நாய்க்காரர் பெருமையாகக் கோழி, சாதம், முட்டை என்று கணக்குச் சொன்னார். பால்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, எத்தனை லிட்டர் கறக்கும்?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது, நாய்க்காரரும் சிரித்தார். ஆனால் பால்காரர் கேட்டதில் கேலி இல்லை. தீவனத்தையும் பாலையும் சேர்த்தே எண்ணிப் பழகியவருக்கு அது நியாயமான கேள்வி.

குட்டைக்கால் டேஷண்ட் நாயைப் பார்த்தால், "மழையில மண்ணு இறங்கிக் கால் பாதி உள்ள போயிருச்சா?" என்று கேட்பார்கள். இது மண்சரிவைக் கண்ட ஊர்க்காரர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. மூக்கு சப்பையான பக் நாய் தெருவில் வந்தால் பிள்ளைகள் இன்றைக்கும் "ஹட்ச் நாய்" என்கிறார்கள். ஹட்ச் செல்போன் கம்பெனியின் அந்த விளம்பரம் 2003-ல் வந்தது. அந்தக் கம்பெனியின் பெயர் மாறியே பல வருஷம் ஆகிவிட்டது. விளம்பரத்தைப் பார்க்காத பிள்ளைகளின் வாயிலும் அந்தப் பெயர் நிற்கிறது. கோடையில் சமவெளியிலிருந்து காரில் ஹஸ்கி நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். டீக்கடையில் உடனே, "நாய்க்கும் லீவு விட்டாச்சா?" என்று குரல் வரும். அந்த நாய்க்கு உண்மையிலேயே அது விடுமுறைதான். பனி நாட்டுக்காக வளர்ந்த இரண்டு அடுக்கு ரோமத்தோடு மே மாதம் கோயம்புத்தூரில் கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

இதில் எனக்கு மனத்தாங்கலான ஒன்றும் உண்டு. நம் ராஜபாளையம் நாயைப் பார்த்து, "இது ஃபாரின் நாயா?" என்று கேட்பது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, உயரம். அதனால் அப்படித் தோன்றுகிறது. சிம்ஸ் பூங்காவுக்கு வெளியே ஒருவர் இப்படிக் கேட்டார். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றார். ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர்! 2005 ஜனவரியில் நம் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் வகைகளுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய ஆட்டு நாய், ராம்பூர் வேட்டை நாய், முதோல் நாய், அப்புறம் நம் ராஜபாளையம். இதை நான் மருந்தகத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இவையும் நம் தெற்கத்தி நாய்கள்தான். வீட்டில் ஒன்று இருந்தால், "சும்மா நாட்டு நாய்ங்க" என்று வந்தவரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள்.

ராஜபாளையம் நாயில் சிலது பிறவியிலேயே காது கேட்காதது. முழு வெள்ளை நாய்களுக்கு அப்படி நேர்வது உண்டு. நிறத்தைத் தரும் அதே வகை உயிரணுக்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால் செவி வேலை செய்யாது. குன்னூரில் ஒரு வீட்டில் அப்படி ஒரு நாய் இருந்தது. கூப்பிட்டால் திரும்பாது. வருகிறவர்கள் எல்லோரும் "ரொம்பத் திமிருங்க இதுக்கு" என்பார்கள். அந்த வீட்டு மருமகள், "எங்க மாமா மாதிரி. கூப்பிட்டா கேக்காது, காபி ஆத்துனா வந்துரும்" என்பார். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் வீட்டுக்காரர்களுக்கே சந்தேகம் வந்தது. வாசனை அடித்தால் வருகிறது, சத்தம் போட்டால் வரவில்லையே! மருந்தகத்துக்குக் கொண்டு வந்தார்கள். டாக்டர் அதன் தலைக்குப் பின்னால் கையைத் தட்டிப் பார்த்தார். காது அசையவில்லை. பழைய பங்களா, பலகைத் தரை. அதன்பிறகு காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினால் போதும், நாய் ஓடி வரும். அந்த அதிர்வு அதற்குத் தெரிந்தது. திமிர் என்ற பேச்சு அன்றோடு நின்றது. மாமாவைப் பற்றிய பேச்சு மட்டும் நிற்கவில்லை.

சரி, இப்போது கரடிக்கு வருகிறேன். இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கறுப்புச் சடைநாய் ஒன்று இருந்தது. பூட்டியா என்கிற இமாலய மலைநாயின் கலப்பு என்று வீட்டுக்காரர் சொல்வார். பெயர் கருப்பன். நல்ல உயரம், கழுத்தைச் சுற்றி அடர்ந்த முடி. ஒருநாள் காலையில் மூடுபனி இறங்கியிருந்தது. பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. கொழுந்து பறிக்கிற பெண்கள் நிரையில் நின்றிருந்தார்கள். தேயிலைச் செடிக்கு நடுவில் கறுப்பாக ஒன்று அசைந்தது. யாரோ "கரடி!" என்று கத்திவிட்டார். அவ்வளவுதான். பையெல்லாம் கீழே, ஆளெல்லாம் மேட்டில். எல்லோரும் ஓடுவதைப் பார்த்ததும் கருப்பனுக்கு ஒரே சந்தோஷம். அதுவும் பின்னாலேயே ஓடியது. ஒரு வயதான அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, "ஏண்டி, கரடி எங்கயாவது வாலாட்டுமா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிலிருந்து அந்த நாயைப் பார்த்தால், "என்ன, இன்னிக்குக் கரடி லேட்டு!" என்பார்கள். சம்பள நாளில், "கரடிக்கும் ஒரு கவர் போடுங்க மேஸ்திரி" என்பார்கள். வீட்டுக்காரர் பக்கத்திலும் பேச்சு வந்தது. அவருடைய மாமியார் ஊரிலிருந்து வந்து, "வீட்டுக்குள்ள கரடியை வெச்சுக்கிட்டு எப்படிடி தூங்குற?" என்று மகளிடம் கேட்டாராம்.

வெளியூர் நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோத்தகிரியில் கரடி என்பது வாய்ப்பேச்சு இல்லை. சாயங்காலம் ஆனால் தேயிலைக்குள்ளிருந்து நிஜமாகவே வரும். கடையை உடைக்கும், எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவைக்கூடத் தள்ளும். ஆகவே அந்தப் பெண்கள் பயந்து ஓடியது முழுக்கச் சரி.

அந்தத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. ஒருநாள் இருட்டுகிற நேரம், கடைக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று எண்ணெய் டின்னை உருட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "டேய் கருப்பா, போடா வீட்டுக்கு" என்றார். போகவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனார். அது இரண்டு காலில் எழுந்து நின்றது. அவர் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். கரடி எண்ணெயை முடித்துவிட்டு அதன் வழியே போய்விட்டது. மறுநாள் அவர் சொன்னதை அந்த ஊரில் யாரும் மறக்கவில்லை: "நாயைக் கரடின்னு நெனச்சவங்க ஓடித் தப்பிச்சாங்க. கரடியை நாயின்னு நெனச்ச நான் வெளக்குமாத்தோட போயிட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் மேஸ்திரி அன்றைக்கே ஒரு வழி சொன்னார். நாயின் கழுத்தில் மாட்டு மணியைக் கட்டுங்கள். "மணி கேட்டா நாயி. கேக்கலைன்னா ஓடு." வீட்டுக்காரர் கட்டினார். அப்புறம் மூடுபனியில் யாரும் பையைப் போட்டுவிட்டு ஓடவில்லை. இதனால்தான் சொல்கிறேன், இந்த மாதிரிப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்பாக, பெரிதாக நாய் வளர்க்கிறவர்கள் யார் வந்தாலும் நான் இந்த மணியைத்தான் சொல்வேன்.

மணி கட்டியதும் அந்த வயதான அம்மா மறுபடி கேட்டார், "ராத்திரியில அது சிறுத்தைக்குச் சாப்பாட்டு மணி ஆயிடாதா?" என்று. எவ்வளவு சரியான கேள்வி! சிறுத்தைக்கு நாய் என்றால் விருப்பம். நம் மலையில் வாசலில் கட்டிய நாயைத் தூக்கிக்கொண்டு போவது புதிதல்ல. சங்கிலியில் இருக்கிற நாயால் ஓடவும் முடியாது. திண்ணையில் நாயைக் கட்டியிருப்பதைப் பார்த்து, "சிறுத்தைக்குப் படையலா?" என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். இருட்டுவதற்கு முன் நாயை வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள். கருப்பனுக்கும் அப்படித்தான். பகலில் மணி, ராத்திரி அடுப்படி.

வீட்டு மனிதர்களின் பேச்சைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். டிசம்பரில் உறைபனி விழும்போது நாய்க்கு ஸ்வெட்டர் போட்டால் பாட்டி, "எனக்கு வாங்கிக் கொடுத்ததுக்கு அப்புறம்தானே இதுக்கு?" என்று கேட்பார். பாட்டிக்கு முதலில் வாங்குங்கள். டாபர்மேன், டேஷண்ட் மாதிரி முடி குறைந்த நாய்க்கும் குளிரும், அதற்கும் போடலாம். சடைநாய்க்குத் தேவையே இல்லை. இன்னொன்று, வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவோம், நாயிடம் மட்டும் "கம், சிட், கோ" என்போம். ஒரு தாத்தா, "நம்ம குடும்பத்துல இங்கிலீஷ் மீடியம் படிச்சது இது ஒண்ணுதான்" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் ஆகிவிட்டது என்று சைகை வருகிறது. ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

"கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி." நாயைப் பார்த்தால் பாதிப் பேர் இப்படி விளையாட்டாகச் சொல்வார்கள். இந்த ஒரு பேச்சு வேண்டாம். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்தின் காலம். நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் அந்த மருந்தைத் தயாரித்தது. அந்த மருந்து 2005-க்குள் நாட்டிலேயே நின்றுபோய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், நாலைந்து முறை வந்தால் முடிந்தது. பதினாலு ஊசி என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் குறித்துத் தரும் தேதிகளில், வருஷம் தவறாமல். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். அதையொட்டிப் பல இடங்களில் இலவச முகாம் வைப்பார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.