நாயின்மீது அன்பு: பிறப்பிலா, வளர்ப்பிலா?

அவைத்தலைவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரே தாய் தந்தைக்குப் பிறந்து, ஒரே வீட்டில் ஒரே நாயோடு வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர், தனிக்குடித்தனம் போன சில மாதங்களுக்குள் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். மற்றவர் வாழ்நாள் முழுதும் அந்த எண்ணமே இல்லாமல் இருந்துவிடுகிறார். நாயை வாசற்படி ஏறவிடாத குடும்பத்தில் பிறந்த ஒரு குழந்தையோ, பேச்சு வருவதற்கு முன்பே வழியில் போகும் நாயைக் கண்டு கைநீட்டித் தாவுகிறது. இவ்விரண்டையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. தாயின் குணம் பிள்ளைக்குக் குருதி வழியாக வந்ததா, அவள் இடுப்பில் அமர்ந்து பார்த்துப் பழகியதால் வந்ததா என்பதைப் பற்றி அந்தப் பழமொழி ஒன்றும் சொல்வதில்லை. இன்று நான் பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

சிறுவயதில் வீட்டில் விலங்கு வளர்த்தவர்களே பெரியவர்களான பின்பும் விலங்கு வளர்க்கிறார்கள் என்பதும், அதிலும் தாம் வளர்ந்த வீட்டில் இருந்த அதே வகை விலங்கையே நாடுகிறார்கள் என்பதும் ஜேம்ஸ் செர்ப்பெல் என்ற ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட ஆய்விலேயே பதிவான செய்தி. இதைக் கேட்டவுடன் ‘குடும்பம்தான் கற்றுக்கொடுக்கிறது’ என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் நாயை நேசிக்கும் பெற்றோர் தம் பிள்ளைக்கு இரண்டை ஒருசேரக் கொடுக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது: தம் மரபணுக்களையும் கொடுக்கிறார்கள், நாய் இருக்கும் வீட்டையும் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே வாசல் வழியாக வந்து சேர்வதால், பெற்றோரையும் பிள்ளையையும் மட்டும் எத்தனை காலம் ஒப்பிட்டுப் பார்த்தாலும் எது எதனால் விளைந்தது என்று பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய உதவுபவர்கள் இரட்டையர்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கும் ஒருகரு இரட்டையர் ஏறத்தாழ முழு மரபணுத் தொகுதியையும் பகிர்ந்துகொள்கிறார்கள். இருகரு இரட்டையர், மற்ற உடன்பிறப்புகளைப் போலவே, வேறுபடக்கூடிய மரபணுக்களில் சராசரியாகப் பாதியையே பகிர்ந்துகொள்கிறார்கள். இருவகையினரும் ஒரே வயதில் ஒரே வீட்டில்தான் வளர்கிறார்கள். ஆகவே நாய் வளர்க்கும் பழக்கத்தில் ஒருகரு இரட்டையர் இருகரு இரட்டையரைவிட அதிகமாக ஒத்துப்போனால், அந்த மிகுதி ஒற்றுமைக்குக் காரணம் பிறப்பில் இருக்க வேண்டும். இருவகையினரும் ஒரே அளவில் ஒத்துப்போனால், காரணம் அந்த வீடுதான்.

இந்த அளவுகோலை நாய் விஷயத்தில் மிகப் பெரிய அளவில் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு ஸ்வீடன் நாட்டுக்குக் கிடைத்தது. அங்கே 2001ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு நாயும் அதன் உரிமையாளர் பெயரோடு அரசுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும் என்பது சட்டம். இரட்டையருக்கென்றும் தேசியப் பதிவேடு ஒன்று நெடுங்காலமாகப் பேணப்படுகிறது. உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூவே ஃபால் தலைமையிலான குழு, 1926க்கும் 1996க்கும் இடையில் பிறந்த இரட்டையரின் விவரங்களை 2001 முதல் 2016 வரையான நாய்ப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தது. இருவரைப் பற்றிய தகவலும் முழுமையாகக் கிடைத்த இணைகள் மட்டும் 35,035. இந்த ஆய்வு 2019இல் வெளியானபோது அறிவித்த முடிவு, இத்துறையில் இருந்த பலரின் எதிர்பார்ப்பையும் விஞ்சியது. நாய் வைத்திருப்பதில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் மரபுவழிப் பங்கு பெண்களிடம் 57 விழுக்காடு, ஆண்களிடம் 51 விழுக்காடு. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, ஊடகங்களில் அதிகம் பேசப்படாத இன்னொரு முடிவு: இரட்டையர் இருவருக்கும் பொதுவாக அமைந்த சூழலின் தாக்கம், அதாவது வளர்ந்த வீட்டின் தாக்கம், இளமையின் தொடக்கத்தில் மட்டுமே புலப்பட்டது. வயது ஏறிய பின் அது கணக்கில் தட்டுப்படவில்லை.

இதைச் சற்று நிதானமாக எண்ணிப்பாருங்கள். இருபது வயதில் ஒருவர் நாய் வைத்திருப்பதில் அவர் வளர்ந்த வீட்டின் சாயல் இருக்கிறது. அப்போது அவர் பெற்றோர் வீட்டிலிருந்து அண்மையில்தான் வெளியேறியிருப்பார், சில வேளைகளில் அங்கேயே கூட இருப்பார். ஆனால் தன் விருப்பப்படி தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் வயது வந்ததும் வீட்டுப் பழக்கம் பின்தங்கிவிடுகிறது. பிறவியிலேயே அமைந்த நாட்டம் முன்னுக்கு வருகிறது. குடும்பமே எல்லாவற்றையும் வார்த்தெடுக்கிறது என்று நம்பும் நமக்கு இது ஏற்கக் கடினமான செய்தி. எனினும் ஏற்க வேண்டிய செய்தி என்றே நான் கருதுகிறேன்.

எண்களைப் பிழையாகப் படித்துவிடாமல் இருக்க இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். 57 விழுக்காடு என்பது ஒரு பெண்ணின் உள்ளத்தில் இருக்கும் அன்பைக் கூறுபோட்டுக் கிடைத்த அளவு அன்று. ஒரு மக்கள்கூட்டத்தில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை விளக்கும் அளவு. விரும்பியவர் எவரும் நாய் வளர்க்க வசதியுள்ள சமூகத்தில் பிறவி நாட்டத்தின் பங்கு பெரிதாகத் தெரியும். வீட்டுச் சொந்தக்காரரின் தடையோ, வறுமையோ, சமய நம்பிக்கையோ நடுவில் நிற்கும் சமூகத்தில் அதே நாட்டம் வெளிப்பட வழியின்றி உள்ளேயே அடங்கிக் கிடக்கும். அங்கே கணக்கிட்டால் வேறு எண் வரும். இரண்டாவதாக, பதிவேட்டில் இருப்பது உரிமை. அன்பு பதிவேட்டில் ஏறுவதில்லை. பிள்ளைகளின் வற்புறுத்தலுக்காக நாயைத் தன் பெயரில் பதிந்துகொண்ட தந்தை அங்கே நாய் உரிமையாளர்; முதுமையால் நாயை வைத்துக்கொள்ள முடியாமல், வழியில் காணும் நாய்க்கெல்லாம் நின்று தலைதடவிச் செல்லும் மூதாட்டி அந்தக் கணக்கில் இல்லை. வியட்நாம் போர்க்காலத்தில் படையில் பணியாற்றிய அமெரிக்க இரட்டையரிடம், நடுவயதில், செல்லப்பிராணிகளோடு எத்தனை முறை விளையாடுகிறீர்கள் என்று கேட்ட வேறொரு ஆய்வு 2012இல் வெளியானது. அது உரிமையை விட்டுவிட்டு நடத்தையை அளந்தது. அங்கே மரபுவழிப் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் என்ற அளவில் குறைந்தது. ஆனால் வளர்ந்த வீட்டின் பங்கு அங்கும் மிகச் சிறிதாகவே இருந்தது. பெரும்பகுதி, ஒருவருக்கு மட்டுமே வாய்த்த தனி அனுபவங்களால் விளைந்தது.

அப்படியானால் பிறவி நாட்டம் இருந்தால் போதுமா, அனுபவம் தேவையில்லையா? மனிதக் குழந்தைகளை வைத்து இதைச் சோதிக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் இதே கேள்வி மறுபுறத்திலிருந்தும் எழுகிறது: நாய்க்கு மனிதர்மேல் இருக்கும் அன்பு பிறப்பிலா, வளர்ப்பிலா? இதற்கு விடை தந்த இரண்டு சோதனைகள் இன்றைய பேச்சுக்கு உயிர்நாடியானவை என்பதால் அவற்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் செய்து 1961இல் வெளியிட்டது. உயர்ந்த வேலியிட்ட வெளிகளில் தாய்நாய்களோடு குட்டிகளை விட்டு, மனிதத் தொடர்பே இல்லாமல் வளரவைத்தார்கள். சில குட்டிகளை இரண்டாம் வாரத்தில், சிலவற்றை மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வாரங்களில் எடுத்து, ஒரு வார காலம் மட்டும் மனிதரோடு பழகவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். சில குட்டிகளைப் பதினான்கு வாரம் வரை எடுக்கவேயில்லை. உரிய பருவத்தில் ஒரே ஒரு வாரம் மனிதக் கையைக் கண்ட குட்டிகள் பின்னர் மனிதரோடு ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் மனிதரைக் காணாத குட்டிகளோ, பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்த இனத்தில் பிறந்திருந்தும், காட்டு விலங்குபோல் மிரண்டு ஓடின. அந்தக் குட்டிகளை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் வருந்துகிறது. ஆனால் அவை கற்பித்த பாடம் மறுக்க முடியாதது. நாயாகப் பிறந்தது மட்டும் போதவில்லை.

இரண்டாவது, ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில், ஆடம் மிக்லோஷியின் குழு செய்தது. கண் திறப்பதற்கு முன்பே ஓநாய்க்குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதர் இரவும் பகலும் துணையிருந்து, பால் புகட்டி, உடன் உறங்கி, நாய்க்குட்டியைப் போலவே வளர்த்தார்கள். பின்னர் உணவை எடுக்க ஒரு கயிற்றை இழுக்கக் கற்றுக்கொடுத்து, அடுத்து அந்தக் கயிற்றை இழுக்க முடியாதபடி கட்டிவிட்டார்கள். நாய்கள் சற்று முயன்றுவிட்டுத் திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தன. அத்தனை பாசத்தோடு வளர்க்கப்பட்ட ஓநாய்கள் பெரும்பாலும் கயிற்றோடேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. 2003இல் வெளியான இந்த ஆய்வு காட்டியது, வளர்ப்பு மட்டும் போதவில்லை என்பதை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் கேள்வி கேட்கப்பட்ட விதமே சற்றுப் பிசகியிருப்பது தெரிகிறது. நாயிடம் மனிதரை நாடும் இயல்பு பிறப்பில் இருக்கிறது. அந்த இயல்பு மலர, உரிய காலத்தில் ஒரு சிறிய சந்திப்பு தேவைப்படுகிறது. சந்திப்பு சிறியதாக இருந்தாலே போதும், ஆனால் இல்லாமலே போனால் இயல்பு வீணாகிறது. மனிதரிடமும் இது போன்ற ஒன்றே நடக்கிறது என்பது என் கருத்து. வீட்டில் நாய் இல்லாத குழந்தைக்கும் பக்கத்து வீட்டில், தெருவில், உறவினர் வீட்டில் நாய் எதிர்ப்படுகிறது. நாட்டம் உள்ள குழந்தைக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. நாட்டம் குறைந்த குழந்தை பத்தாண்டு நாயோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அதைக் கடந்துபோய்விடுகிறது.

மனிதரிடம் இப்படியொரு நாட்டம் ஏன் பதிந்திருக்க வேண்டும்? நாய்தான் மனிதர் முதன்முதலாகப் பழக்கிய விலங்கு; குறைந்தது 15,000 ஆண்டு உறவு. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசெல் என்னும் இடத்தில் 1914இல் தோண்டியெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழைமையுள்ள கல்லறையில், ஓர் ஆணோடும் ஒரு பெண்ணோடும் ஒரு நாய்க்குட்டி புதைக்கப்பட்டிருந்தது. அதன் பற்களை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தவர்கள், அந்தக் குட்டி கொடிய ஒரு தொற்றுநோயால், பெரும்பாலும் டிஸ்டெம்பரால், வாரக்கணக்கில் தாக்குண்டிருந்ததையும், யாரோ ஒருவர் அருகிலிருந்து பேணாமல் அத்தனை காலம் அது பிழைத்திருக்க முடியாது என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் பயன்படாத, நோயுற்ற ஒரு குட்டிக்கு அன்றே ஒருவர் தண்ணீர் கொடுத்திருக்கிறார். நாயோடு நெருங்க முடிந்தவர்களுக்கு வாழ்வில் ஏதோ ஒரு நன்மை கிடைத்து, அவர்கள் வழியினர் பெருகினார்கள் என்று எண்ண இடமுண்டு. ஆனால் இது ஊகமே. ‘நாயன்பு மரபணு’ என்று தனியாக ஒன்று கண்டுபிடிக்கப்படவில்லை. இத்தகைய குணங்களில் ஒவ்வொன்றும் மிகச் சிறிய பங்காற்றும் எண்ணற்ற மரபணுக்கள் சேர்ந்து இயங்குவதே வழக்கம்.

பண்பாட்டின் பங்கை ஒதுக்கிவிட முடியாது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த அறுபது சமூகங்களைப் பற்றிய இனவரைவியல் குறிப்புகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், மிகப் பெரும்பாலானவற்றில் நாய் இருந்ததையும், ஆனால் அவற்றில் பாதிக்கும் குறைவான சமூகங்களிலேயே அது செல்லத் துணையாகக் கருதப்பட்டதையும் கண்டார்கள். ஆக, நாட்டம் எந்த உருவில் வெளிப்படலாம் என்பதைச் சமூகம் வகுக்கிறது.

குடும்பத்தின் கை வலுவாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, அது அச்சம். ஒன்றரை வயதை ஒட்டிய குழந்தைகளிடம் ரப்பர் பாம்பையும் ரப்பர் சிலந்தியையும் காட்டி, அப்போது தாயை அச்சமோ அருவருப்போ தோன்ற முகம் காட்டச் சொன்ன ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. தாய் முகம் சுளித்த பொம்மையை அந்தக் குழந்தைகள் பின்னரும் தவிர்த்தார்கள். நாய் என்றாலே நடுங்கும் பெரியவர்களை விசாரித்த ஆய்வுகளும் நாம் எதிர்பாராத ஒன்றைச் சொல்கின்றன: நாயால் கடிபட்டதாகவோ துரத்தப்பட்டதாகவோ சொல்பவர்கள், நாய்க்கு அஞ்சாதவர்களிடையேயும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தார்கள். அஞ்சுபவர்களிடம் காணப்பட்ட வேறுபாடு, அச்சம் தோன்றுவதற்கு முன் நாய்களோடு அவர்களுக்குப் பழக்கமே குறைவு என்பது. அச்சத்துக்கும் மரபுவழிப் பங்கு உண்டுதான். ஆனாலும் நல்ல பழக்கம் முன்பே இருந்தால், ஒரு கடி அன்பை அழித்துவிடுவதில்லை. கற்ற அச்சத்தை நீக்கவும் முடியும். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் வகுத்த முறையில், அஞ்சுபவரின் ஒப்புதலோடு, படிப்படியாக, அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில், பலருடைய விலங்கு அச்சம் வெகுவாகத் தணிந்திருக்கிறது.

பிள்ளைக்கு அன்பைக் கற்றுக்கொடுப்பதற்காக ஒரு நாய் வாங்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். அந்த நோக்கத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அன்பு வரும் என்று உறுதி சொல்ல எந்த ஆய்வும் இடம் தரவில்லை. வராவிட்டால், அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் துன்பப்படுவது அந்த நாய்தான். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்து, ஒரு பிள்ளை அதனோடு ஒட்டாமல் இருந்தால், அவனைக் கல்நெஞ்சன் என்று கடிந்துகொள்ளவும் வேண்டாம். ஒட்டும் பிள்ளைக்கும் ஒட்டாத பிள்ளைக்கும் சேர்த்தே குடும்பம் கற்றுக்கொடுக்கக் கூடியவை வேறு சில இருக்கின்றன. உண்ணும் நாயின் அருகில் கையைக் கொண்டுபோகக் கூடாது, உறங்கும் நாயைத் திடுக்கிட எழுப்பக் கூடாது, முன்பின் அறியாத நாயை அதன் உரிமையாளரைக் கேட்காமல் தொடக் கூடாது, வாலைச் சுருட்டி முகத்தைத் திருப்பும் நாயை விட்டு விலகி நிற்க வேண்டும், தண்ணீர்க் கிண்ணம் காய்ந்திருந்தால் யார் முறை என்று பார்க்காமல் நிரப்ப வேண்டும். இவற்றைக் கற்றுக்கொள்ள மரபணு எதுவும் தேவையில்லை. கூட இருந்து செய்துகாட்டும் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும்.

நன்றி, வணக்கம்.