தாபி போட்டு ஒலிம்பிக் ஓடிய கனகுரி

எல்லோருக்கும் வணக்கம். "அண்ணா, 54 வருஷம் மாரத்தான் ஓடினவர் கதை உண்மையா?" என்று ஒரு தம்பி கமெண்ட்டில் கேட்டிருந்தார். உண்மைதான் தம்பி, அவர் ஜப்பான் ஓட்டக்காரர் கனகுரி ஷிசோ. ஆனால் நடுவில் உள்ள வருடங்களை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

முதலில் இதைப் பாருங்கள், காமிராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். இதன் பெயர் தாபி, ஜப்பானியக் காலுறை. பெருவிரலுக்குத் தனி இடம், மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரு இடம். வெறும் துணி. போட்டுக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு பொடிக்கல்லும் காலில் உறைக்கும். 1911 நவம்பரில், ஹனேதாவில் நடந்த ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்தில் கனகுரி ஷிசோ தாபியோடுதான் இறங்கினார். பாதியில் அது கிழிந்துவிட, வெறுங்காலோடு ஓடி முதலில் வந்தார். 2 மணி 32 நிமிடம் 45 விநாடி! குமமோட்டோ பக்கத்துக் கிராமத்துப் பையன், அப்போது வயது 20.

மறு வருடம் சுவீடனின் ஸ்டாக்ஹோம். ஜப்பானுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக். போன வீரர்கள் இரண்டே பேர். கப்பல், பிறகு சைபீரிய ரயில் என்று இரண்டு வாரத்துக்கு மேல் பயணம். அங்கே ராத்திரியும் வெளிச்சம், தூக்கம் பிடிக்கவில்லை. மாரத்தான் நடந்த ஜூலை 14 அன்று வெயில் 30 டிகிரியைத் தாண்டியது. ஓடியவர்களில் பாதிப் பேர்தான் முடித்தார்கள். போர்ச்சுகலின் லாசரோ இறந்தே போனார். கனகுரி 27 கிலோமீட்டர் பக்கம், சோலன்துனா என்ற ஊரில் சுருண்டு விழுந்தார். அங்கிருந்த குடும்பம் தோட்டத்தில் உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்துத் தேற்றியது. அதிகாரிகளுக்கு முறையாகத் தகவல் போகவில்லை. காணாமல் போனவர் கணக்கில் சேர்ந்துவிட்டார்.

சரி, அப்புறம்? 1916 ஒலிம்பிக்கைப் போர் விழுங்கிவிட்டது. அப்போது அவருக்கு 24, 25 வயது, நல்ல ஓட்டத்தில் இருந்த காலம். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. 1920 ஆன்ட்வெர்ப்பில் 16ஆவது இடம். 1924 பாரிஸில் முடிக்க முடியவில்லை. ஆனாலும் ஒரு தாபிக் கடைக்காரரோடு உட்கார்ந்து, ரப்பர் அடி வைத்த ஓட்டத் தாபியை உருவாக்கினார். பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்து மாணவிகளையும் மைதானத்துக்கு இறக்கினார்.

1967இல், பாதியில் நின்ற அந்த 1912 மாரத்தானை முடிக்கச் சொல்லி சுவீடன்காரர்கள் அழைத்தார்கள். 75 வயதில், கோட்டு சூட்டோடு போய் ஓட்டத்தின் முடிவுக் கோட்டைத் தொட்டார். 54 வருடம், 8 மாதம், 6 நாள், 5 மணி 32 நிமிடம் 20.3 விநாடி. வழியில் கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஆயிற்று என்று அவரே சொன்னார்.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய வேலை ஹகோனே எகிடென். 1920இல் அவர் முன்னின்று தொடங்கிய கல்லூரித் தொடர் ஓட்டம். இன்றும் ஜனவரி 2, 3 தேதிகளில் நடக்கிறது. டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குப் போய்த் திரும்ப சுமார் 217 கிலோமீட்டர், அணிக்குப் பத்துப் பேர். தோளில் போட்ட பட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ரொம்பத் தாமதமானால் அடுத்தவரைக் காத்திருக்க விடாமல் அனுப்பிவிடுவார்கள். பட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு பையன் வந்து சேரும்போது, வாங்க ஆள் இருக்காது. அப்படியே ரோட்டில் விழுவான். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த சோலன்துனா தோட்டம்தான் ஞாபகம் வரும்.